முழுக்கோழி

உணவைப் பற்றி எழுதுவதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. ருசியறிந்து எழுதுபவர்களுக்கு நாக்கு நினைவாற்றல் மிக்கதாக இருக்கவேண்டும். என் நாக்கு அப்படிப்பட்டதல்ல. முதுகலை படித்த இரண்டாண்டுகளும் விடுதிச் சாம்பாரைக் குறைசொல்லாமல் உண்டவள் நான் என்பதை அன்றைய தோழிகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எனவே சுவை வர்ணனையை எதிர்பார்த்து வரும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். 2024 மே 8 அன்று மாலை, தென்கொரியாவின் சுவோன் நகரில், என் தம்பியோடு ஒரு சாதாரணக் கடையில் உட்கார்ந்து பொரித்த கோழி தின்ற இரண்டு மணிநேரத்தைப் பற்றி மட்டுமே சொல்லப்போகிறேன்.

தம்பி அங்கே பத்தாண்டுகளுக்கும் மேலாக மின்னணுத்துறைப் பொறியாளன். அவன் மனைவி இரண்டாம் பிரசவத்துக்காக மூத்த குழந்தையையும் அழைத்துக்கொண்டு தாய்வீடு வந்திருந்தாள். "தனியாத்தான் இருக்கேன், காலேஜ் லீவுதானே, ஒரு பத்து நாள் வந்துட்டுப் போக்கா" என்றான். அதுவரை பாஸ்போர்ட்டையே பயன்படுத்தாதிருந்த நான் உடனே ஒப்புக்கொண்டது என் கணவருக்கு வியப்பளித்தது. எனக்கு அதில் வியப்பில்லை. 2021 மே மாதத்துக்குப் பிறகு நானும் தம்பியும் ஒருமுறைகூட நேருக்கு நேர் தனியாக உட்கார்ந்து பேசியதில்லை. அவன் இடையில் ஒருமுறை ஊருக்கு வந்தபோதும் இருவருமே யாரையாவது நடுவில் வைத்துக்கொண்டோம்.

சுவோன், சியோலுக்குத் தெற்கே ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் உள்ளது. நகரின் நடுவே ஹ்வாசோங் கோட்டை. 1794-இல் தொடங்கி 1796-இல் கட்டி முடிக்கப்பட்டது; 1997-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலில் சேர்ந்தது. ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில்மேல் பகல் முழுவதும் நடந்தேன். தம்பி அலுவலகம் போயிருந்தான். கோட்டையின் தெற்கு வாயிலிலிருந்து சற்று உள்ளே, ஓர் ஓடையின் கரையோரமாக ஒரு தெரு. தெரு முழுவதும் கோழிப்பொரியல் கடைகள். பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். மாலையில் அங்கே வந்து சேர்ந்துகொள்வதாகத் தம்பி சொல்லியிருந்தான்.

நான் முன்னதாகவே வந்துவிட்டேன். கடை வாசலிலேயே அடுப்பு. நம்மூர்க் கல்யாணவீட்டுக் கொப்பரையைச் சிறிதாக்கியது போன்ற இரும்புக் கொப்பரைகளில் எண்ணெய் கொதிக்க, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் நீண்ட இடுக்கியால் முழுக்கோழிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேலே தேங்கியிருந்த எண்ணெய்ப்புகைக்குள் எனக்கு மிகவும் பழக்கமான ஒரு வாசனை. விருதுநகரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும். எங்களூரில் புரோட்டாவைக் கல்லில் வாட்டுவதோடு விடமாட்டார்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தெடுப்பார்கள். அந்தக் கடைவாசல் வாசனைக்குக் கோழியென்றும் மாவென்றும் பேதமில்லை.

தம்பி வந்ததும் உள்ளே போனோம். எளிய மேசைகள், தகரத்தாலான முக்காலிகள், சுவரில் விலைப்பட்டியல், மூலையில் யாரும் பார்க்காத தொலைக்காட்சி. குடிநீரை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். மேசையோரத்தில் அழைப்புமணி இருந்தும் தம்பி அதை அழுத்தவில்லை. "இமோ!" என்று குரல் கொடுத்தான். பரிமாறும் அம்மையார் "வந்தேன்" என்பதுபோல் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். கொரிய மொழியில் இமோ என்றால் தாயின் உடன்பிறந்தாள். பெரியம்மாவோ சின்னம்மாவோ, இரண்டுக்கும் அதுவே சொல். உணவுக்கடையில் பணிபுரியும் நடுத்தர வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். முன்பின் அறியாதவரை உறவுமுறை சொல்லி அழைத்து உணவு கேட்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் என் தம்பியின் வாயிலிருந்து ஒரு வேற்றுமொழி உறவுச்சொல் அவ்வளவு இயல்பாக வந்தது என்னைச் சிறிது நேரம் பேசவிடாமல் செய்தது. எங்களுக்கு உடன்பிறந்த பெரியம்மாவோ சித்தியோ இல்லை.

இரண்டு கோழிகள் சொன்னான். ஒன்று வெறுமனே பொரித்தது, மற்றொன்று காரப்பாகு பூசியது. "ரெண்டு எதுக்குடா?" என்றேன். "இங்க வந்து ஒண்ணு மட்டும் சொன்னா நல்லாருக்காதுக்கா" என்றான். எந்த ஊர் வழக்கம் இது, கொரியாவுடையதா விருதுநகருடையதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கோழி வருவதற்குள் சொற்களைப் பற்றி ஒரு சிறு பேச்சு. தமிழ் படித்தவளை அழைத்துக்கொண்டு போனால் இந்தத் துன்பத்தைத் தவிர்க்கமுடியாது. கொரிய மொழியில் உயிருள்ள கோழிக்குப் பெயர் தக். முழுக்கோழிப் பொரியல் தோங்தக். தோங் என்றால் முழுமை. ஆனால் மாவில் தோய்த்துப் பொரித்ததை அவர்கள் ஆங்கிலத்திலிருந்து கடன்வாங்கி சிகின் என்கிறார்கள். அதாவது சிகின் என்ற சொல் அங்கே பறவையைக் குறிக்காது, பொரித்த பண்டத்தையே குறிக்கும். நாமும் வீட்டில் வளர்ப்பதைக் கோழி என்றும் கடையில் வாங்கித் தின்பதைச் சிக்கன் என்றும் சொல்லப் பழகிவிட்டோம். கொல்லையில் மேய்வதற்கு ஒரு மொழி, தட்டில் கிடப்பதற்கு வேறொரு மொழி. இரு நாட்டாருக்கும் இந்த ஏற்பாடு ஏதோ வகையில் வசதியாக இருந்திருக்கவேண்டும்.

பொரித்த கோழி கொரியாவின் தொன்மையான உணவன்று. பழைய நாளில் கோழியை வேகவைத்தோ கஞ்சியாக்கியோதான் உண்டிருக்கிறார்கள். எண்ணெய் விலையுயர்ந்த பொருள். 1960-இல் சியோலின் ம்யோங்தோங் பகுதியில் மின்னடுப்பில் சுழற்றி வாட்டிய முழுக்கோழி விற்பனைக்கு வந்தது. 1971-இல் உள்நாட்டிலேயே சமையலெண்ணெய் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கிய பிறகு சந்தைகளில் கொப்பரை வைத்து முழுக்கோழியைப் பொரிக்கலானார்கள். 1977-இல் ஒரு பல்பொருள் அங்காடியின் கீழ்த்தளத்தில் துண்டுபோட்டுப் பொரித்த கோழிக்கான முதல் தொடர்நிறுவனக் கடை. 1984-இல் கேஎஃப்சி வந்தபோது, உள்ளூர்க் கடைகள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன.

இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்தது காரப்பாகின் கதை. தேகு நகரத்தில் யுன் ஜோங்-கே என்பவர் அச்சகம் நடத்தி நொடித்துப்போனவர். (அச்சகம் நடத்தி நொடித்தவர்களை நமக்கும் தெரியும், அவர்கள் பெரும்பாலும் சிற்றிதழ் தொடங்கி இரண்டாம் முறை நொடிப்பார்கள்.) யுன் கோழிக்கடை வைத்தார். பொரித்த கோழி ஆறியதும் இறுகிப்போய், தின்பவர்களின் வாயின் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்குவதைக் கண்டு, அதை மென்மையாக்க ஏதேனும் பூசலாமா என்று பலவாறு முயன்றிருக்கிறார். எதுவும் சரிவரவில்லை. அக்கம்பக்கத்து மூதாட்டி ஒருவர், தானியத்திலிருந்து காய்ச்சும் பாகை ஊற்றிப் பாரேன் என்று சொல்லியிருக்கிறார். மிளகாய்ப்பொடியும் பூண்டும் அந்தப் பாகும் சேர்ந்தபோது கோழி ஆறியபின்னும் மெதுவாக இருந்தது. 1980-ஐ ஒட்டி நடந்தது இது. கூடவே வரும் வெள்ளை முள்ளங்கி ஊறலும் அவருடைய ஏற்பாடே என்பார்கள். கோழியின் கொழுப்பை அறுக்க அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. என் மந்தமான நாக்குக்கே அது விளங்கியது.

முதலில் வெறுங்கோழி வந்தது. முழுதாகவே பொரித்து, தட்டில் பிளந்து வைத்திருந்தார்கள். தோல் கண்ணாடித்தாள்போல் மெலிந்து மொறுமொறுத்தது. பக்கத்தில் உப்பும் மிளகும் கலந்த பொடி, முள்ளங்கி, பொரித்த இரைப்பைத் துண்டுகள், இரண்டு மூன்று கோழிப்பாதங்கள். இரைப்பையும் பாதமும் கணக்கில் சேராதவை, கடைக்காரர் கொடுப்பது.

தம்பி எனக்கொரு கோலா சொன்னான். தனக்கு என்ன சொல்வதென்று தயங்கினான். சுற்றிலும் எல்லா மேசைகளிலும் பீர். கோழிக்கும் பீருக்குமான இணைப்புக்கே சிமேக் என்று ஒரு கூட்டுச்சொல் இருக்கிறது. "குடிக்கறதுன்னா குடிடா. எனக்கு நாப்பத்தெட்டு வயசு, உனக்கு நாப்பத்தொண்ணு. இனி யாருக்குப் பயந்து?" என்றேன். அவன் சிரித்தபடி ஒரு குவளை வரவழைத்தான். பிறகு செய்ததை அவன் அறிந்து செய்தானா என்று தெரியவில்லை. முதலில் என் கோலாவை இரண்டு கைகளாலும் பிடித்து ஊற்றினான். தன் குவளையை எடுத்து, முகத்தை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டு குடித்தான். மூத்தவர் முன்னிலையில் குடிக்க நேர்ந்தால் அப்படி முகம் திருப்பிக்கொள்வது அந்நாட்டு மரியாதை. நம்மூரில் தம்பிமார்கள் அக்காவுக்குத் தெரியாமல் குடிப்பார்கள், அக்காவும் தெரியாததுபோல் இருப்பாள். மரியாதை அதில் இருக்கிறது. இவன் எதிரிலேயே குடித்துவிட்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான். எனக்கு இது பிடித்திருந்தது. ஒளித்து வைப்பதற்கு இருவருக்கும் நடுவே ஏற்கெனவே போதுமான பொருள் இருந்தது.

கோழிக்கு இரண்டு கால்கள். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. அப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்கெழுதினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு, வாழையிலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தோடு வருவார். எண்ணெய்ப் புரோட்டா, சால்னா, ஒரு தட்டுப் பொரித்த கோழி. அம்மா பிரித்துப் பங்கிடுவாள். கால்துண்டு தம்பிக்கு. அதில் விவாதம் கிடையாது. எனக்கு அதில் கோபம் இருந்ததென்று சொன்னால் இப்போது எழுதுவதற்காகச் சேர்த்துக்கொண்டதாகிவிடும். அன்று அது கிழக்கே சூரியன் உதிப்பதைப் போன்ற ஒரு நிகழ்ச்சி. கோபம் பிற்பாடு, படித்த பிறகு வந்தது. அதனால் அது சற்று ஆறிய கோபம்.

கொரியர்களுக்கும் இப்படியொரு நினைவு உண்டென்று தம்பி சொன்னான். எழுபது எண்பதுகளில் வளர்ந்தவர்கள், சம்பள நாளில் அப்பா மஞ்சள் காகிதப்பையில் முழுக்கோழி வாங்கிவந்ததைச் சொல்லாமல் இருக்கமாட்டார்களாம். உறங்கிவிட்ட பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்துத் தின்னச்சொல்வார்களாம். அவன் அலுவலகத்தில் மேலாளர் ஒருவர் இதைச் சொல்லிக் கண்கலங்கியபோது, "எங்கப்பாவும்" என்று தான் சொல்லியதாகவும், அவர்கள் நம்பவில்லையென்றும் சொன்னான். இந்தியர்கள் எல்லாரும் சைவம் என்ற நினைப்பு.

அன்று மே 8. அந்நாட்டில் அது பெற்றோர் நாள். 1956 முதல் அன்னையர் நாளாக இருந்ததை 1973-இல் தாய் தந்தை இருவருக்குமாக மாற்றினார்கள். விடுமுறை கிடையாது, ஆனால் மாலையில் பிள்ளைகள் பெற்றோரை வெளியே அழைத்துப்போய் உணவு வாங்கிக்கொடுப்பார்கள். கடையில் இருந்த முதியவர்கள் சிலர் சட்டையில் சிவப்புக் கார்னேஷன் பூவைக் குத்தியிருந்தார்கள். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் வேறொரு நாளில் வந்திருக்கலாம் என்று நினைத்தேன். தம்பிக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை.

அடுத்த மேசையில் இருந்த நான்கைந்து வயதுச் சிறுமி, முள்ளங்கிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு உரக்க அழைத்தாள்: "அப்பா!"

நாங்கள் இருவரும் ஒரே கணத்தில் தலை திருப்பினோம்.

கொரிய மொழியிலும் தமிழிலும் அப்பா என்பது ஒன்றுதான். இதைப் பற்றி நம்மவர்கள் பேசத்தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். 1905-இலேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணநூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அவ்வுறவை ஏற்பதில்லை. குழந்தை வாய்க்கு முதலில் வசப்படும் ஒலிகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் எளிய விளக்கம். என் மாணவர்கள் கைப்பேசியில் வரும் காணொளிகளைக் காட்டி ஆர்வத்தோடு கேட்கும்போதெல்லாம் அவர்கள் முகம் வாடும்படி இதையே சொல்லிவந்திருக்கிறேன். இனியும் சொல்வேன். ஆனால் அன்று அந்தச் சொல் காதில் விழுந்தபோது மொழியியல் எனக்கு உதவவில்லை.

தம்பி கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தான். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீ எனக்கு முழுசா சொல்லவே இல்லையேக்கா" என்றான்.

2021 மே. இரண்டாம் அலை. அப்பா மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்து இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தாள். இந்தியாவின் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2020 மார்ச்சில் நின்றவை. 2022 மார்ச் இறுதியில்தான் மீண்டும் பறந்தன. இடையில் சிறப்பு விமானங்கள் இருந்தன. வந்தாலும் திரும்பிப்போவது நிச்சயமில்லை, தனிமைப்படுத்தலில் பதினான்கு நாள் கழியும், உடலோ அன்றே எரியூட்டப்படவேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தொலைபேசியில் அவனிடம் சொன்னேன்: "உன் பங்கு வேலையையும் சேர்த்து நானே பாத்துக்கறேன், நீ நிம்மதியா இரு." சொல்லில் தவறில்லை. சொன்ன விதம் அப்படி.

மின்மயானத்தில் இருவருக்கு மட்டுமே அனுமதி. நானும் கணவரும் போனோம். முழுதும் மூடிய உடையணிந்த ஊழியர் ஒருவர், "மகன் யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தகரத்தட்டில் கற்பூரத்தை வைத்து என் பக்கம் நீட்டினார். அந்த நாட்களில் அவர் அப்படி எத்தனை பதில்களைக் கேட்டிருப்பாரோ. சுற்றி உறவினர் யாருமில்லாததால் ஆட்சேபிக்கவும் ஆளில்லை. இதையெல்லாம் தம்பியிடம் சொல்லும்போது, அந்தக் கணத்தில் துயரத்தின் நடுவே எனக்குள் ஒரு பெருமிதமும் எழுந்தது என்பதையும் சொன்னேன். கால்துண்டு என் தட்டுக்கு வந்ததைப்போல என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

சொல்லியே தீரவேண்டியது வேறொன்று இருந்தது. அன்று கணவரின் கையில் என் கைப்பேசி இருந்தது. காணொளி அழைப்பில் தம்பி. உடலை உள்ளே தள்ளும் தண்டவாளத்தின் அருகே வரும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது நான் கைப்பேசியை வாங்கி அணைத்தேன். அன்றிரவு அவன் கேட்டபோது, "சார்ஜ் தீந்துபோச்சுடா" என்றேன். மூன்றாண்டுகள் அந்தப் பொய்யின்மேல்தான் எங்கள் நலம் விசாரிப்புகள் நடந்துவந்தன.

"சார்ஜ் இருந்துச்சு. நான்தான் கட் பண்ணேன்" என்றேன்.

அவன் கொஞ்சநேரம் ஒரு முள்ளங்கித் துண்டைக் குச்சியால் உருட்டிக்கொண்டிருந்தான். "தெரியும்க்கா" என்றான். "அதுக்கப்புறம் அஞ்சாவது நிமிஷம் குடும்ப குரூப்புல 'முடிந்தது'ன்னு நீ போட்டிருந்தியே."

எனக்கு நினைவேயில்லை. வாழ்நாளெல்லாம் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் சொந்தப் பொய்க்கு எதிரான சான்றை, நேரம் குறிப்பிட்டு, நானே வெளியிட்டிருக்கிறேன்.

"ஏன்க்கா?" என்றான். அதற்கு விடை சொல்ல முயன்றேன். அதை அவன் பார்க்கக்கூடாது, அவ்வளவு தூரத்தில் தனி அறையில் உட்கார்ந்துகொண்டு சிறிய திரையில் அதைப் பார்த்தால் பிறகு அவனை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்ததாகச் சொன்னேன். அது உண்மை. வராதவனுக்கு எதற்கு இது என்று நினைத்ததும் உண்மை. எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் சொன்னேன்.

இமோ காரப்பாகுக் கோழியைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கிண்ணம் முள்ளங்கி வைத்துவிட்டுப் போனார்.

தம்பி அந்தக் கோட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்தேன். கோட்டையைக் கட்டிய ஜோங்ஜோ மன்னனின் தந்தை சாதோ இளவரசர். அவரை 1762-இல் சொந்தத் தந்தையாகிய அரசரே ஒரு தானியப்பெட்டிக்குள் அடைத்துவைத்தார். நம்மூர்ப் பத்தாயத்தைச் சிறிதாக்கி எண்ணிக்கொள்ளலாம். எட்டாம் நாள் அவர் உள்ளேயே இறந்தார். அப்போது மகனுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. பாட்டனாரிடம் மன்றாடிப் பார்த்தும் அவனை அப்புறப்படுத்திவிட்டார்கள். இந்தக் கதையை நான் வேறுவழியில் அறிவேன். சாதோவின் மனைவி ஹ்யேக்யோங் எழுதிய நினைவுக்குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் புறப்படுவதற்கு முன் படித்திருந்தேன். கணவன் சாகும்போது மகனைக் காப்பதற்காகத் தான் உயிரோடிருந்ததை, அதற்காகத் தன்னை மன்னிக்க முடியாமல், முதுமையில் எழுதிவைத்த நூல் அது. அந்தப் புத்தகத்தைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

சட்டப்படி அந்தச் சிறுவன் பிறகு இறந்துபோன பெரியப்பாவின் மகனாக்கப்பட்டான். 1776-இல் அரியணை ஏறிய நாளிலேயே, தான் சாதோவின் மகன் என்று அவையோர் முன் அறிவித்தான். 1789-இல் தந்தையின் கல்லறையை இப்பகுதிக்கு மாற்றினான். அங்கிருந்த ஊரையே பெயர்த்து இப்போதைய இடத்தில் குடியேற்றி, அதைச் சுற்றி மதில் எழுப்பினான். "வர முடியாமப் போனவன் இவ்வளவு பெரிய கோட்டையக் கட்டினான்க்கா. நான் பணம் அனுப்பினேன்" என்றான் தம்பி.

அவன் பேச்சை மாற்றவில்லை.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை. தமிழ்ப் பேராசிரியைக்குரிய சொல் எதுவும் வரவில்லை என்று மட்டும் சொல்லலாம். சிறிது நேரம் கழித்து அவன் வெறுங்கோழியின் காலை முறித்து என் தட்டில் வைத்தான். இன்னொன்றையும் முறித்து அதையும் வைத்தான். "ரெண்டுமா?" என்றேன். "பழைய பாக்கி" என்றான். அவனுக்கும் அது நினைவிருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

அதன்பிறகு நன்றாகவே தின்றோம். அடுப்படியில் நின்றவரைப் பற்றிக் கேட்டேன். ஏதோ நிறுவனத்தில் வேலைபார்த்துவிட்டு வந்தவர் என்று தம்பி சொன்னான். அது அங்கே பொதுவான வரலாறு. 1997 இறுதியில் கொரியா பன்னாட்டு நிதியத்திடம் கடன்கேட்டு நின்றபோது வேலையிழந்தவர்கள் பல்லாயிரம் பேர். கிடைத்த ஓய்வூதியத் தொகையை முதலாக வைத்து, பெரிய பயிற்சி தேவைப்படாத தொழில் என்று கோழிக்கடை வைத்தார்கள். 2019-இல் ஒரு நிதி நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் ஏறத்தாழ 87,000 கோழிக்கடைகள். அப்போது திறந்தவற்றைக் காட்டிலும் மூடியவை அதிகம். கலை படித்தாலும் அறிவியல் படித்தாலும் கடைசியில் கோழிக்கடைதான் என்று ஒரு வேடிக்கை வரைபடமே அங்கே உலவுகிறது. நிரலில் சிக்கல் வந்தால் பக்கத்துக் கோழிக்கடைக்குப் போய்க் கேள், அங்கே மூத்த பொறியாளர் இருப்பார் என்பது தம்பியின் துறையில் வழங்கும் நகைச்சுவை. அதைச் சொல்லிச் சிரிக்கும்போது அவன் முகத்தில் சிரிப்பு முழுதாக இல்லை. நாற்பதைக் கடந்த பொறியாளன். நானும் என் துறையைப் பற்றி யோசித்தேன். இவ்வாண்டு முதலாண்டுத் தமிழ் இலக்கியத்துக்கு எத்தனை விண்ணப்பங்கள் வரும் என்ற கவலையோடுதான் விமானம் ஏறியிருந்தேன். "நாம ரெண்டு பேரும் விருதுநகர்ல ஒரு கடை போடுவோம்டா" என்றேன். "எண்ணெய்ப் புரோட்டாவோட கோழி" என்றான். விலைகூட நிர்ணயித்தோம்.

எழும்போது பணம் யார் கொடுப்பது என்று வழக்கமான இழுபறி. மூத்தவர் கொடுப்பதே இந்நாட்டு முறை என்று அவன் சொல்லிக்கொடுத்ததை அவன்மீதே திருப்பினேன். ஊரில் மாற்றிக்கொண்டுவந்த நோட்டுகள் பிரிக்கப்படாமலே இருந்தன. கல்லாவில் இருந்த பெண்மணி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, தம்பியிடம் ஏதோ கேட்டார். அவன் "நூனா" என்று பதில் சொன்னான். ஆண்மகன் தன் அக்காவைக் குறிக்கும் சொல். அவர் என்னைப் பார்த்துத் தலை வணங்கினார். நானும் வணங்கினேன்.

காரப்பாகுக் கோழி முக்கால்வாசி மிஞ்சியிருந்தது. வெறுங்கோழியிலும் கொஞ்சம். பையில் போட்டுக் கொடுத்தார்கள். பேருந்து நிறுத்தம்வரை தம்பிதான் தூக்கிவந்தான். சூடு கையில் பட்டதும் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். சனிக்கிழமை இரவுகளில் தெருமுனையில் அப்பா அப்படித்தான் கை மாற்றுவார்.

மறுநாள் அவன் அலுவலகம் போனபிறகு, சூடாக்கத் தெரியாத அவன் அடுப்போடு போராடாமல், ஆறியபடியே எடுத்துத் தின்றேன். யுன் ஜோங்-கே கண்டது சரி. வெறுங்கோழி மேலண்ணத்தைக் குத்தியது. காரப்பாகு பூசியது இரவு முழுவதும் குளிர்பெட்டியில் கிடந்தும் மெதுவாகவே இருந்தது. அதில் ஒரு கால்துண்டு இருந்தது. அதை மட்டும் கிண்ணத்தில் தனியே எடுத்து மூடி, மாலையில் அவன் வந்தால் தின்னட்டும் என்று வைத்தேன்.